ஒரு நிமிட மழை

தண்ணீர் பச்சையாகத் தொடங்கியது ஆரபி செத்த பதினெட்டாம் நாள்.

வெளிச்சத்தின் குற்றம் என்றுதான் சிவதர்ஷன் முதலில் நினைத்தான். யன்னலுக்கு வெளியே வாழை நின்றது. அதன் சாயல் கண்ணாடியில் விழுந்திருக்கலாம். யன்னலைச் சாத்திப் பார்த்தான். பச்சை போகவில்லை. கணினிக்குள் இருந்த கண்ணாடித் தண்ணீர்த் தாங்கியின் அடியில், தண்ணீர் உள்ளே வரும் இடத்தில், நூல் போல ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் ஆரபியின் தாய், அவன் மாமி, மட்டும்தான் இருந்தா.

அந்தக் கணினியை ஆரபிதான் கட்டினாள். மற்றவர்களுடைய கணினியில் விசிறி சூட்டைத் தள்ளும். இவளுடையதில் தண்ணீர் சுமக்கும். கைக்குள் அடங்குகிற பம்ப் ஒன்று தாங்கியிலிருந்து தண்ணீரை இழுத்து, சூடாகும் பாகங்களின் மேல் பதித்த செப்புத் தகடுகளுக்குள் ஓடவிட்டு, ரேடியேட்டரில் ஆறவைத்துத் திரும்பக் கொண்டுவரும். குழாய்களை அவள் குசினி மேசையில் வைத்து வளைத்தாள். உள்ளே சிலிக்கோன் கயிறு விட்டு, சூட்டுக்காற்றில் வாட்டி, தேத்தண்ணிக் கோப்பையின் வளைவில் வைத்து அழுத்தினாள். பதினொரு குழாய் பழுதாய்ப் போனது. பன்னிரண்டாவதும் ஓரிடத்தில் நசுங்கித்தான் நின்றது. “இருக்கட்டும், தண்ணி போகும்” என்றாள். சிவப்பு, நீலம் என்று சாயம் கலக்கவும் அவளுக்கு மனமில்லை. பற்றரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை மருதனார்மடத்தில் போத்தல் போத்தலாக வாங்கிவந்து ஊற்றினாள். கேத்தலின் அடியில் சுண்ணாம்பு கட்டும் ஊரில் கிணற்றுத் தண்ணீரை இதற்குள் விடமுடியாது என்பது அவள் கட்சி.

வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு, இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டியது போலக் கணினியில் வரைந்து கொடுப்பது அவள் தொழில். தனக்கென்று அவள் செய்த ஒரே படம் மழை. நல்லூரில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் பெய்கிற மழை. ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது படங்கள் வேண்டும். ஒரு படத்தைக் கணக்கிட்டு முடிக்கக் கணினிக்கு முப்பத்தாறு நிமிடம். முழுவதற்கும் முப்பத்தாறு நாள்.

ஒரு வியாழக்கிழமை காலை அதைத் தொடக்கினாள். தலையிடிக்கிறது என்று நெற்றியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் விசையைத் தட்டினாள்.

“இனி ஒருத்தரும் உதைத் தொடக்கூடாது.”

வீட்டில் அவனைத் தவிர ஒருத்தரும் இல்லை. அன்று பின்னேரம் காய்ச்சல். சனிக்கிழமை ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை அவள் இல்லை. டெங்கு என்றார்கள்.

கணினி நிற்கவில்லை. செத்தவீட்டுச் சனம் வந்து போனது, பறை அடித்தது, ஐயர் வந்தார், எல்லாவற்றுக்கும் நடுவே உள்ளறையில் அது மழையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. இடையில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. ஒவ்வொரு துளியும் அதற்கு முன் விழுந்த துளிகளின் கணக்கில்தான் விழுகிறது. முதலிலிருந்து மறுபடி தொடக்கலாம். அவனுக்கும் தெரியும் எந்த விசை என்று. ஆனால் தொடக்கியது அவனாக இருக்கும். இப்போது ஓடுவது அவள் தொடக்கியது. அவள் கை வைத்த வேலை ஒன்று இந்த உலகத்தில் இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை அதை நிற்கவிடக்கூடாது. அவனுக்கு வேறு யோசனை இல்லை.

கரண்ட் நின்றால் என்று இன்வேர்ட்டரிலிருந்து குளிர்சாதனப்பெட்டியைக் கழற்றினான். மின்விசிறியையும் கழற்றினான். பௌதிகம் படிப்பிக்கும் டியூசன் வகுப்புகளுக்கு லீவு சொன்னான். கதிரையைக் கணினிக்கு முன்னால் போட்டு இருந்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு மறுநாள் மழை முடியும்.

தாங்கியில் இடையிடையே காற்றுக் குமிழி ஒன்று எழும். அப்போது ஒரு சத்தம். யாரோ ஒரு மிடறு தண்ணீர் விழுங்குவது போல. ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மணித்தியாலத்துக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று தாளில் எழுதவேண்டும். “இன்னும் கொஞ்சம்” என்று அவள் கேட்டபோது அவன் தாளைப் பார்த்தான். கொடுக்கவில்லை. இப்போது தாங்கி விழுங்கும்போதெல்லாம் அவன் திரும்பிப் பார்த்தான்.

புதிதாக முடிந்த படம் திரையின் மூலையில் சிறிதாகத் தெரியும். வளவு, குழாயடி, நனைந்த மதில். அவன் பார்ப்பது வேறொன்று. குழாயடியில் ஒரு நீல வாளி. அதற்குள் பாதிக்குத் தண்ணீர். தண்ணீரில் துளி விழுந்து வளையம் விரிகிறது.

அந்த வாளியை அங்கே வைத்தவன் அவன்தான்.

பெரிய வேலை தொடங்குமுன் கணினியைக் கழற்றிக் கழுவவேண்டும் என்று ஆரபி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நிலத்தில் இருந்தாள். ரேடியேட்டரை அலசிய தண்ணீரை வாளியில் பிடித்தாள். “ஊத்திப்போட்டுக் கவிட்டு வையுங்கோ” என்றாள். ஓம் என்று தூக்கிக்கொண்டு போனான். குழாயடிக்குப் போகும்போது போன் வந்தது. வாளியை வைத்துவிட்டுக் கதைத்தான். பிறகு மழை தொடங்கிவிட்டது. சில நாள் கழித்து, கணினியில் வரைவதற்காக அவள் பின்கதவில் நின்று வளவைப் படம் எடுத்தாள். “உங்கடை வாளியும் வடிவா நிக்குது. உதை ஊத்தச் சொன்னனான் எல்லே?” என்று சிரித்தாள். ஊத்துறன் என்றான். அவள் வாளியையும் சேர்த்து வரைந்தாள். அவன் ஊற்றவில்லை. கார்த்திகை மழை பெய்து, வெறித்து, மறுபடி பெய்தது.

எரித்த மூன்றாம் நாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து வளவைச் சுற்றினார். வாளிக்குள் டோர்ச் அடித்தார். உள்ளே கறுப்பாய்ச் சின்னன் சின்னனாய்ப் புழுக்கள் நெளிந்தன. “நுளம்புக் குடம்பி. உதாலைதான் எண்டு நான் சொல்லமாட்டன் தம்பி, பக்கத்து வளவுகளிலையும் கிடக்கு” என்றார். நல்ல மனுசன். வாளியைத் தானே கவிழ்த்தார். மாமி அப்போது முன்பக்கம் வந்த சனத்தோடு இருந்தா. பிறகு கேட்டா.

“எங்கையாம் தம்பி புழு இருந்தது?”

“தெரியாது மாமி. வளவுக்குள்ளை எங்கையோவாம்.”

அந்தப் பொய்யைச் சொல்ல அவன் யோசிக்கவேயில்லை. அது தானாக வந்தது.

ஆரபியின் தாய் கேதீஸ்வரி கரவெட்டியில் தோட்டம் செய்கிற குடும்பத்து மனுசி. அந்தியேட்டி வரைக்கும் இங்கேயே நிற்கிறன் என்று ஒரு பையோடு வந்துவிட்டா. மருமகன் தேத்தண்ணி குடித்தானா, முழுகினானா என்று பார்ப்பது அவவின் வேலை. அவனோடு கணினியைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கூட்டும்போது அதற்கு முன்னால் மட்டும் தும்புத்தடி கொஞ்சம் வேகமாகப் போகும்.

இருபத்திநான்காம் நாள் தண்ணீர் பாசி பிடித்த கேணியின் நிறத்துக்கு வந்தது. ஆரபி நசுக்கி வளைத்த இடத்தில் வெள்ளையும் பச்சையுமாய் ஏதோ ஒட்டியிருந்தது. அறுபத்திரண்டில் நின்ற சூடு எண்பத்தெட்டாகிவிட்டது. சிவதர்ஷன் ஜெறோமுக்குப் போன் எடுத்தான்.

ஜெறோம் அவனோடு படித்தவன். கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறான். இந்தக் கணினியின் பாகங்களைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்ததும் அவன்தான். வந்தவன் கண்ணாடிக்கு முன்னால் குந்தினான்.

“டேய், என்னடா உதுக்குள்ளை மீனோ வளக்கிறாய்?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான். “சொறி மச்சான். வாய் பழகிப்போச்சு.”

“பறவாயில்லை. என்னெண்டு பார்.”

“நிப்பாட்டினால்தானே பாக்கலாம்.”

“நிப்பாட்ட ஏலாது.”

“நிப்பாட்டாமல் பாக்க நான் என்ன சாத்திரியோ?”

சொன்னாலும் பார்த்தான். சூட்டு அளவைப் பார்த்தான். பம்பில் காதை வைத்தான். தாங்கியின் மேல்மூடியைத் திருகித் திறந்து மணந்தான். பிறகு சுண்டுவிரலை விட்டு எடுத்து நாக்கு நுனியில் வைத்தான். உடனே யன்னலால் துப்பினான்.

“மச்சான். உப்படா.”

“விசர்க்கதை கதையாதை.”

“நக்கிப் பார்.”

சிவதர்ஷன் விரலைத் தோய்த்து வாயில் வைத்தான். உப்புத்தான். லேசான உப்பு. சவப்பெட்டி மூடமுன் கடைசியாக அவள் நெற்றியில் வாயை வைத்தபோது இருந்த உப்பு. கொஞ்ச நேரம் அவனுக்கு ஜெறோம் கதைப்பது கேட்கவில்லை. பூட்டிய பெட்டி. வெறும் பற்றரித் தண்ணீர். அதற்குள் உப்பு வேறெங்கிருந்து வரும்? அவளிடமிருந்துதான் வந்தது என்று அவன் நம்பினான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, முழுமனதோடு நம்பினான்.

“…செம்பைத் தின்னுது. விளங்குதோ?” ஜெறோம் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். “இப்ப நிப்பாட்டி வடிச்சுக் கழுவினால் மதர்போட் தப்பும். விட்டாயெண்டால் எங்கையாவது கசியும். ஒரு சொட்டு போட்டிலை விழுந்தால் காணும், எல்லாம் பொசுங்கும்.”

“இன்னும் எட்டு நாள் தாங்குமோ?”

“எட்டு மணித்தியாலம் தாங்கினால் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துறன்.” மூடியைத் திருகி இறுக்கினான். “நான் போய்த் தண்ணியும் சாமானும் கொண்டு பின்னேரம் வாறன். அதுக்குள்ளை ஒரு முடிவுக்கு வா. இஞ்சை வேறை ஆர் இருக்கினம்? ஆர் உப்புப் போட்டது?”

“ஒருத்தரும் இல்லை” என்றான் சிவதர்ஷன்.

ஜெறோமின் மோட்டார்சைக்கிள் போன பிறகு வாய் கொப்பளிக்கக் குசினிக்குப் போனான். மாமி நிலத்தில் குந்தியிருந்தா. எறும்பு ஏறாமல் அலுமாரிக் கால்களின் கீழ் வைத்திருக்கும் தண்ணீர்க் கிண்ணங்களில், சிரட்டையிலிருந்து ஒவ்வொரு கிள்ளு உப்பு எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தா. நாலு காலும் முடிந்தது. சாமிப்படத்துக்குக் கீழே பூவைத்த செம்பிலும் கொஞ்சம். பிறகு முழங்காலில் கையூன்றி எழும்பி, சிரட்டையோடு உள்ளறைப் பக்கம் திரும்பினா. வாசலில் அவன் நின்றான்.

“மாமி. அதுக்குள்ளையும் போட்டனீங்களோ?”

“எதுக்குள்ளை?”

“கொம்பியூட்டருக்குள்ளை.”

“ஓம்.” ஒளிக்கவேண்டிய காரியம் என்ற நினைப்பே அவவுக்கு இல்லை. “நீங்கள் முழுகப் போற நேரம் போடுறனான். மேலை ஒரு மூடி இருக்கெல்லே, அவள் திறந்து தண்ணி விடுறதைப் பாத்திருக்கிறன். மூண்டு நாளைக்கு ஒருக்கால் ஒரு கிள்ளு. நிக்கிற தண்ணி தம்பி. உப்புப் போட்டால் நுளம்பு முட்டை வைக்காது.”

“அது ஓடுற தண்ணி மாமி.”

“சுத்திச் சுத்தி உதுக்குள்ளைதானே ஓடுது? வெளியிலை போகுதோ?” சிரட்டையை மேசையில் வைத்தா. “வளவு முழுக்க நான் துலாவிப் பாத்திட்டன். ஒரு சிரட்டை இல்லை, ஒரு ரின் இல்லை, ரயர் இல்லை. புழு எங்கை இருந்திருக்கும்? பகல் முழுக்கப் பிள்ளை உதுக்கு முன்னாலைதானே இருந்தவள். பகல்லைதானே அந்த நுளம்பு கடிக்குமாம்.”

அவன் மேசையிலிருந்த சிரட்டையைப் பார்த்தான்.

“வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம். அவள் ஒற்றைக் காலிலை நிண்டாள், அம்மா இதிருந்தால் எனக்குப் பெரிய வேலையள் வரும் எண்டு. நான்தானே காப்பைக் கழட்டிக் குடுத்தனான்.” மாமி தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தா. அழவில்லை. “என்ரை கையாலை குடுத்துத்தான் அந்தச் சனியனை வீட்டுக்குள்ளை கொண்டுவந்தது.”

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். இன்னும் ஏழு நாளில் அந்தியேட்டி. அது முடிய மாமி கரவெட்டிக்குப் போய்விடுவா. போய், தோட்டத்தில் நிற்கும்போதும் அடுப்படியில் இருக்கும்போதும் அந்தக் காப்பை நினைப்பா. சாகும்வரைக்கும் நினைப்பா. அவனுக்கு ஒரு கரைச்சலும் வராது.

பொக்கற்றிலிருந்து போனை எடுத்தான். முடிந்த படங்களைச் சேர்த்து அதில் ஓடவிடும்படி செய்து வைத்திருந்தான். வேறு யாருக்கும் காட்டியதில்லை.

“இதைப் பாருங்கோ மாமி. ஆரபி செய்தது. இதைத்தான் அந்தப் பெட்டி இன்னும் செய்யுது.”

மாமி போனைத் தூரப் பிடித்துப் பார்த்தா. சத்தமில்லாத மழை. மதிலில் ஈரம் மேலிருந்து கீழே இறங்கியது. வாழையிலை ஒரு துளியைத் தாங்கி, சரிந்து, விட்டது.

“ஐயோ, எங்கடை பின்வளவு.” அவவின் குரல் இளகியது. “உதை அவள் வரைஞ்சதோ? படம் பிடிக்கேல்லையோ? உண்மை மழை மாதிரியெல்லே கிடக்கு.”

நாற்பத்தாறு செக்கனில் நின்றது. மாமி மறுபடி போடச் சொன்னா. இரண்டாம் தரம் வாளி வந்தபோது அவன் விரலை வைத்தான்.

“இதிலை மாமி.”

“என்ன?”

“புழு இருந்தது இதிலை. நான்தான் வைச்சனான். பெட்டியைக் கழுவின தண்ணி. வெளியிலை ஊத்தச் சொன்னவள். நான் ஊத்தேல்லை. பெட்டிக்குள்ளை நுளம்பு போகாது, அது இறுக்கிப் பூட்டிக் கிடக்கு. வந்த மனுசன் வாளியைத்தான் கவிட்டவர். நான் பக்கத்திலை நிண்டனான். உங்களுக்குத் தெரியாதெண்டு சொன்னது பொய்.”

இத்தனை வசனம் சேர்த்து அவன் மூன்று கிழமையாகக் கதைத்ததில்லை.

மாமி போனைப் பார்த்துக்கொண்டே நின்றா. மழை ஓடி முடிந்தது.

“எத்தினை நாள் கிடந்தது?”

“இருபத்தைஞ்சு நாள். அவளுக்குக் காய்ச்சல் வரும்வரைக்கும்.”

“ஒருக்கால் சொன்னவளோ?”

“இரண்டு தரம்.”

“இரண்டு தரம்” என்றா மாமி, தனக்குள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தா. திட்டுவா என்று நின்றான். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. அவ திட்டவில்லை. அவனைத் தாண்டி உள்ளறைக்குப் போய், முதல்முறையாகக் கணினிக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தா.

“உது இன்னும் எவ்வளவு செய்யக் கிடக்கு?”

“பதின்மூண்டு செக்கன் மழை. எட்டு நாள்.”

“பிறகு?”

“பிறகு முடிஞ்சுது.”

“அதிலை பிள்ளை வருவாளோ, கடைசியிலை?”

“இல்லை மாமி. மழை மட்டும்தான்.”

தாங்கி விழுங்கியது. மாமி திடுக்கிட்டு அதைப் பார்த்தா. அவனும் பார்த்தான். பச்சைத் தண்ணீருக்குள் ஒரு குமிழி மேலே போனது. மேலே வந்து உடைந்தது.

“இதுக்கு முன்னாலை இருந்து உந்த வாளியைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், என்ன?”

அவன் தலையாட்டினான்.

“இன்னும் எட்டு நாள் பாக்கப்போறியளோ?”

“அவள் தொடக்கினது மாமி. முடியட்டும்.”

“அவள் தொடக்கினது எத்தினையோ கிடக்குத் தம்பி. தைக்கக் குடுத்த சட்டை கிடக்கு. வயித்திலை ஒண்டு வேணுமெண்டு நேத்தி வைச்சது கிடக்கு.” மாமியின் கை திரையின் பக்கம் நீண்டது. மடியில் திரும்ப விழுந்தது. “பெய்ததும் காணும். நனைஞ்சதும் காணும். நிப்பாட்டுங்கோ.”

அவன் குனிந்து சுட்டியைப் பிடித்தான். ஆயிரத்து நூற்று இருபத்தியோராவது படம் பாதியில் நின்றது. மேல்பாதியில் வானம், கீழ்ப்பாதி இன்னும் கறுப்பு. நிறுத்தட்டுமா, முடியாத வேலை அழிந்துபோகும் என்று கணினி கேட்டது. அதை அவன் இரண்டு தரம் வாசித்தான். மாமி எழும்பவில்லை. அவன் பின்னால் அவவின் மூச்சு மட்டும் கேட்டது.

ஓம் என்பதை அமத்தினான். பிறகு கணினியை அணைத்தான். கடைசியாகச் சுவரில் மின் ஆளியைத் தட்டினான்.

இருபத்தெட்டு நாளாக ஓடிய பம்ப் நின்றது. தண்ணீர் குழாய்களுக்குள் கொஞ்சம் பின்னுக்கு வந்து, தாங்கியில் மட்டம் ஒரு விரல் உயர்ந்து, அப்படியே நின்றது. அவன் ஒரு மிடறுச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

மாமி எழும்பினா. அறைக்குள் போய்க் கொடியில் கிடந்த சேலையை உருவி மடித்தா. பையின் சிப் இழுபடும் சத்தம் கேட்டது. அவன் கூடத்துக்கு வந்தபோது செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தா.

“மாமி, பஸ் இப்ப இராது. ஜெறோம் வருவான், ஏத்திக்கொண்டு போய் விடச் சொல்லுறன்.”

அவ கேட்டதாகக் காட்டவில்லை. பையைத் தோளில் கொளுவிக்கொண்டு முற்றத்தில் இறங்கினா. மூன்று கிழமைக்கு மேலாக, சந்திக் கடைக்கு மல்லித்தூள் வாங்கப் போனாலும் “போட்டு வாறன் தம்பி” என்று சொல்லாமல் அந்த மனுசி படி இறங்கியதில்லை. செத்தவீட்டுக்கு வந்த பிறத்தியார்தான் சொல்லாமல் போவார்கள். அது முறை. வீட்டு ஆள் அப்படிப் போவதில்லை.

படலை வரைக்கும் அவன் அந்தச் சொல்லுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமி படலையைத் திறந்து, வெளியே போய், திரும்பிக் கொளுவியை மாட்டினா. அவனை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தா. ஒன்றும் சொல்லாமல் போனா.